ஆறாவது கேமராவின் சிவப்பு

கோகிலவாணி பொறாமைக்காரி என்பது குன்னூரில் அவளைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் அதை ஒரு குறை என்று அவள் நினைத்ததில்லை. சிலருக்குக் காது கூர்மை, சிலருக்கு மூக்கு கூர்மை. தனக்கு வாய்த்தது இது என்று வைத்திருந்தாள்.

தேவாலாப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்குக் கட்டிவிட்ட லைன் வீட்டில் பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் சிறுபிள்ளைகளாகச் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். நாலு பிள்ளைகளில் இவள் மூன்றாவது. மூத்தவள் போட்டுக் கழித்த பாவாடை இரண்டாமவளுக்குப் போய், அவளும் கழித்த பிறகுதான் இவளிடம் வரும். கடைசித் தம்பிக்கோ, பையன் என்பதால், எல்லாமே கடையிலிருந்து நேராக வரும். அம்மா நாலு தம்ளர்களில் டீ ஊற்றி வைத்தால், கோகிலவாணி தரையில் படுக்காத குறையாகக் குனிந்து, விளிம்புக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்ப்பாள்.

"தம்பிக்கு ஒரு கோடு ஜாஸ்தி ஊத்தியிருக்க."

பார்த்தால் இருக்கும். சரியாக ஒரு கோடு இருக்கும்.

"இந்தக் கண்ண வெச்சுட்டு நீ எந்த ஊட்டுல போயி வாழப் போறியோ" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

போன வீட்டில் ஒன்றும் பெரிய சங்கடமில்லை. ரவிக்குமார் குன்னூரில் பிக்கப் வண்டி ஓட்டுகிறவன். எதற்கும் அலட்டிக்கொள்ளாதவன். பக்கத்து வீட்டுக்காரி வாங்கிய புது மிக்சியைப் பற்றி மனைவி மூச்சு விடாமல் பேசி முடித்ததும், "அரைக்கறதுக்கு என்ன இருக்குது, அதச் சொல்லு" என்பான். அதோடு பேச்சு முடிந்துவிடும். சங்கடமெல்லாம் வேலைக்குப் போன இடத்தில்தான் வந்தது. அதுவும் ஏழு வருஷம் நிம்மதியாகப் போன பிறகு வந்தது.

குன்னூரிலிருந்து அருவங்காடு போகிற வழியில், சாலைக்குக் கீழே, தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை இருக்கிறது. ஜெகதீசன் என்பவருடையது. தேயிலைத் தூளிலிருந்து நாரையும் காம்பையும் பிரித்தெடுக்கிற மெஷின்களை அங்கே கட்டுகிறார்கள். மேலேயிருந்து தூள் ஆறு தடங்களாக மழைபோல் கொட்டும். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு கேமரா. விழுகிற தூளுக்கு நடுவே சிவப்பாக ஒரு நார் வந்தால் கேமரா கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த மறுகணம் கீழே ஒரு காற்றுக் குழல் 'டப்' என்று ஊதி, அந்த நாரை மட்டும் அந்தப்பக்கம் தள்ளிவிடும். கண் இமைக்கிற நேரத்துக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும்.

கேமராக்கள் வெளிநாட்டிலிருந்து பஞ்சு வைத்த பெட்டிகளில் வரும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். ஆனால் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளைப்போல ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஒன்று கொஞ்சம் சிவப்பை ஏற்றிக் காட்டும். இன்னொன்று கொஞ்சம் மங்கலாகப் பார்க்கும். சூடேறினால் ஒன்று மாறும், இன்னொன்று மாறாது. இப்படி ஆளுக்கொரு விதமாகப் பார்க்கிற ஆறையும் ஒரே மாதிரி பார்க்கவைக்க வேண்டும். பட்டறையில் அதற்கு மேட்சிங் என்று பெயர்.

"ஆறும் ஒரே மாதிரி தப்பாப் பாத்தாக்கூட நான் சமாளிச்சுருவேன்" என்பார் ஜெகதீசன். "அஞ்சு ஒரு மாதிரி, ஒண்ணு ஒரு மாதிரி பாத்துச்சுன்னா என்னைய எவனாலயும் காப்பாத்த முடியாது."

கோகிலவாணி அந்தப் பட்டறைக்கு முதலில் திருகு முடுக்கத்தான் போனாள். ஒருநாள் மேட்சிங் அறைக்குள் எதற்கோ நுழைந்தவள், திரையில் ஓடிக்கொண்டிருந்த ஆறு வரிசை எண்களைப் பார்த்து, "நாலாவதுக்கு மட்டும் ஏனுங்க சார் கொஞ்சம் ஜாஸ்தி குடுத்திருக்கறீங்க?" என்று கேட்டாள். தம்பியின் தம்ளரைக் காட்டுகிற அதே குரல். ஜெகதீசன் திரும்பிப் பார்த்தார். மறுநாளிலிருந்து அந்த அறை அவளுடையதாயிற்று.

யாருக்கும் யாரைவிடவும் ஒரு பொட்டு கூடக் கூடாது, குறையவும் கூடாது என்று பிறந்ததிலிருந்து சண்டை போட்டு வந்தவளுக்கு, அதையே வேலையாகக் கொடுத்தால் எப்படி இருக்கும்? வெள்ளைத் தட்டை மெஷினுக்குள் கேமராக்களின் எதிரே செருகி, "இதுதான் வெள்ளை, எல்லாரும் பாத்துக்கோங்க" என்று அவற்றுக்குச் சொல்வாள். சிவப்பு, பச்சை, நீலம் என்று கேமராவுக்கு மூன்று எண்கள் வரும். ஏறியிருப்பதை இறக்கி, இறங்கியிருப்பதை ஏற்றி, ஆறையும் ஒரே வரிசையில் கொண்டுவந்து நிறுத்திப் பொத்தானை அமுக்குவாள். அவள் மேட்சிங் செய்த மெஷின் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதற்கெல்லாம் ஜெகதீசன் சாரிடமிருந்து அவளுக்குக் கிடைத்த பாராட்டு "ம்". ஏழு வருஷமும் "ம்". அதற்குமேல் அவர் யாரிடமும் சொல்வதில்லை என்பதால் அதில் அவளுக்கு வருத்தமில்லை.

அப்புறம் ஜோவிதா வந்தாள்.

வண்டிச்சோலைப் பெண். டிப்ளமா படித்தவள். வயது இருபத்துநாலு. வேலை அதிகமாகிவிட்டது, இரண்டாவது ஆள் வேண்டும் என்று ஜெகதீசன் எடுத்தார். வந்த முதல் வாரத்திலேயே அவள் ஒரு மெஷினை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது சார் எண்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "சபாஷ்" என்றார்.

கோகிலவாணி கையிலிருந்த துடைக்கிற துணியைக் கீழே வைத்தாள். சபாஷ். அந்த மனிதரின் வாய்க்குள் இப்படி ஒரு வார்த்தை இத்தனை வருஷமாகக் குடியிருந்ததா?

அன்றைக்குப் பற்றியதுதான். ஜோவிதாவின் முடி அடர்த்தி, அதற்கு ஒரு எரிச்சல். அவள் எழுத்து அச்சுப்போல, அதற்கு ஒன்று. மழை வந்தால் அவள் அப்பா குடையோடு சாலை முனையில் வந்து நிற்பார், அதற்கு ஒன்று. மதியம் டப்பாவைத் திறந்தால் அவளுடைய மீன் குழம்பு பட்டறை முழுக்க மணக்கும். கோகிலவாணி தன் பீன்ஸ் பொரியலை மூடியால் பாதி மறைத்துக்கொண்டு தின்பாள். "அக்கா, கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று ஜோவிதா நீட்டுவாள். அதை வாங்கித் தின்பது ஓர் எரிச்சல், வேண்டாமென்றால் குழம்பு போய்விடுமே என்பது இன்னோர் எரிச்சல்.

இதற்கெல்லாம் மேலே அந்த ஸ்வெட்டர். இத்தாலியில் கன்னியாஸ்திரியாக இருக்கிற சித்தி கொடுத்தனுப்பியதாம். மாம்பழ மஞ்சள். கையைவிட்டால் கை வழுக்கும். பனிக்காலம் தொடங்கிய நாளில் அதைப் போட்டுக்கொண்டு அவள் வந்தபோது, மொத்தப் பட்டறையும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஃபிட்டர் சில்வஸ்டர், அறுபதை நெருங்கியவர், ஸ்பேனரோடு கைகூப்பி, "மஞ்சமாதாவே, இந்தப் பாவியப் பாரும்" என்றார். கோகிலவாணி தன்னுடைய ஸ்வெட்டரைக் குனிந்து பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. சாம்பலா, பழுப்பா என்று அதற்கே தெரியாத நிறம்.

இப்படி இருக்கும்போதுதான் அசாம் வந்தது.

அசாமில் ஒரு பெரிய தேயிலைத் தோட்டம் இரண்டு மெஷின்கள் கேட்டிருந்தது. பட்டறைக்கு அவ்வளவு தூரத்து ஆர்டர் அதுதான் முதல். கேமராக்களை மேட்சிங் செய்த ஆளே கூட வந்து, அங்கே நிறுத்தி, சரிபார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கேட்ட ஒரே விஷயம். ஜெகதீசன் இரண்டு பெண்களையும் கூப்பிட்டார்.

"ஒருத்தரத்தான் அனுப்ப முடியும். ஆளுக்கு ஒரு மெஷின் பண்ணுங்க. அவங்க இஞ்சினியர் வந்து ஓட்டிப் பாப்பாரு. எது நல்லா ஓடுதோ அந்த ஆளு போகட்டும். கோயமுத்தூர்ல இருந்து பிளைட்டு."

கோகிலவாணி மலையிறங்கிப் போன அதிக தூரம் பழனி. அதுவும் ரவிக்குமாரின் பிக்கப் வண்டியில் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து போனது. அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு நடந்து போகவில்லை, பறந்து போனாள்.

"அசாமுங்க. பிளைட்டுல."

"அங்க என்ன இருக்குது?"

"தேயிலத் தோட்டம்."

ரவிக்குமார் சன்னலைத் திறந்து காட்டினான். எதிர்ச்சரிவு முழுக்கத் தேயிலை. "இதப் பாக்கறதுக்கா பிளைட்டு?"

"உங்ககிட்டப் போயிச் சொன்னேன் பாருங்க."

"செரி, போவட்டும் விடு. யாரு போறது, நீயா அந்தப் புள்ளையா?"

இதுவரை தான் போவதைப் பற்றி மட்டுமே நினைத்திருந்தாள். தான் போகாவிட்டால் அவள் போவாள் என்பது அப்போதுதான் உறைத்தது. தான் போகாமல் இருப்பதையாவது தாங்கிவிடலாம். அவள் போவதை எப்படித் தாங்குவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்குப் போய், திபெத்தியர் மார்க்கெட்டில் கடைகடையாக ஏறி இறங்கி, இருந்ததிலேயே சிவப்பான ஸ்வெட்டரை வாங்கிவந்தாள். மிளகாய்ப்பழச் சிவப்பு. பக்கத்தில் எந்த மஞ்சள் வந்து நின்றாலும் வெளிறிப்போகும். போட்டுக்காட்டியபோது ரவிக்குமார் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தான்.

"எங்கடி தீப்பிடிச்சுது, கெளம்பிட்ட?"

மேட்சிங் அறைக்கு ஒரு சட்டம் உண்டு. அறையின் சுவர் சாம்பல், மேஜை சாம்பல், உள்ளே போகிறவர்கள் போட்டுக்கொள்கிற கோட்டும் சாம்பல். கழுத்துவரை பொத்தான் போட வேண்டும். கேமரா நிறம் பழகுகிற நேரத்தில் பக்கத்தில் வேறு நிறமே இருக்கக்கூடாது என்று ஜெகதீசன் ஆரம்பத்தில் சொல்லியிருந்தார். கோகிலவாணி ஏழு வருஷமாக உள்ளே போட்டிருந்தது அந்தச் சாம்பல் பழுப்பு ஸ்வெட்டர்தான். கோட்டைத் திறந்து போட்டாலும் மூடிப் போட்டாலும் அதில் ஒரு வித்தியாசமும் வந்ததில்லை. அதனால் கோட்டு என்பது தூசிக்காகப் போடுவது என்ற நினைப்பிலேயே காலம் ஓடிவிட்டது.

இப்போது, மிளகாய்ப்பழச் சிவப்பை வாங்கிவந்து அதைச் சாம்பல் கோட்டுக்குள் புதைத்தால் அர்த்தமென்ன? கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம்தான் ஜோவிதாவின் மேஜை. கோகிலவாணி கோட்டின் அடிப்பொத்தானை மட்டும் போட்டுக்கொண்டு, தன் மெஷினின் முன்மூடியைத் திறந்து, வெள்ளைத் தட்டைச் செருகி, திரைக்குப் பக்கத்தில் நின்றாள். திரை இருப்பது மெஷினின் வலதுபக்கம், ஆறாவது கேமராவை ஒட்டி. நடுவில் ஒருமுறை ஜோவிதா தலையைத் தூக்கிப் பார்த்து, கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து கட்டைவிரலை உயர்த்தி, "சூப்பருக்கா" என்று வாயசைத்தாள். கோகிலவாணிக்கு அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆறாவது கேமராவுக்குச் சிவப்பு கொஞ்சம் ஏறியிருந்தது. இது பிறவியிலேயே இப்படிப் போலிருக்கிறது என்று, அதன் சிவப்பைப் பிடித்து இறக்கி, மற்ற ஐந்தோடு சேர்த்து நிறுத்திப் பொத்தானை அமுக்கினாள்.

மறுநாள் தூள் போட்டு ஓட்டிப் பார்த்தார்கள். ஐந்து தடங்களில் தூள் கருகருவென்று சுத்தமாக இறங்கியது. ஆறாவதில் நாரும் காம்பும் அப்படியே கலந்து வந்தன. காற்றுக் குழல் வாயைத் திறக்கவே இல்லை.

கோகிலவாணிக்கு ஏழு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. அழித்துவிட்டு மறுபடி மேட்சிங் செய்தாள். மறுபடி ஆறாவதில் நார். சில்வஸ்டர் கேமராவைக் கழற்றி, முதல் தடத்தில் மாட்டினார். இப்போது முதல் தடத்தில் நார் வந்தது.

"கேமராதான் பாப்பா கெட்டுருக்குது" என்றார்.

"ஜோவிதாவ ஒருவாட்டி பாக்கச் சொல்லு" என்றார் ஜெகதீசன்.

கேமராவைப் பழைய இடத்திலேயே மாட்டினார்கள். ஜோவிதா வந்தாள். மஞ்சள் ஸ்வெட்டருக்கு மேலே கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, தட்டைச் செருகி, பொத்தானை அமுக்கிவிட்டுப் போனாள். ஓட்டினார்கள். ஆறு தடமும் கருகரு.

சில்வஸ்டருக்கு வாய் சும்மா இருக்காது. "கேமராவுக்கும் ஆளு தெரியுதுங்க சார்."

எல்லாரும் சிரித்தார்கள். கோகிலவாணியும் பல்லைக் காட்டினாள். உள்ளே கொதித்தது. மனுஷர்களுக்கு அவளைப் பிடிக்கட்டும், சாருக்குப் பிடிக்கட்டும், மீன் விற்கிறவனுக்குக்கூடப் பிடிக்கட்டும். பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, ஒவ்வொரு திருகாக முடுக்கி மாட்டியது நான். இந்தக் கேமராவுக்கும் அவளையா பிடிக்க வேண்டும்?

அப்படியே விட்டிருந்தால் கோகிலவாணியின் மெஷின் தேறியிருக்கும். ஆனால் ஜோவிதா கையால் தேறின மெஷினை வைத்துக்கொண்டு நான் அசாமுக்குப் போவதா? எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் உள்ளே போய், ஜோவிதா செய்ததை அழித்து, தன் கையால் புதிதாகச் செய்தாள். ஓட்டினாள். ஆறாவதில் நார்.

அவளுக்கு இப்போது சந்தேகமே இல்லை. ஜோவிதா ஏதோ செய்கிறாள். என்னவென்று தெரியவில்லை, ஆனால் ஏதோ செய்கிறாள். அதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

இஞ்சினியர் வருவதற்கு முந்தின நாள் மதியம். மேகம் இறங்கி, பட்டறையின் சன்னல்களில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஜோவிதா தன்னுடைய மெஷினைக் கடைசி முறையாக மேட்சிங் செய்துகொண்டிருந்தாள். கோகிலவாணி துடைக்கிற துணியை எடுக்கும் சாக்கில் உள்ளே போய், அவள் முதுகுக்குப் பின்னால், வலதுபக்கமாக நின்றாள். கோட்டு வழக்கம்போலத் திறந்து கிடந்தது.

ஜோவிதாவின் விரல்களைப் பார்த்தாள். ஒன்றும் வித்தியாசமாகச் செய்யவில்லை. திரையைப் பார்க்கக் கோகிலவாணி எட்டிக் குனிந்தாள். ஆறாவது வரிசையில் சிவப்பு எண் ஏறியது. நிமிர்ந்தாள். எண் இறங்கியது. பிறகு, மெதுவாக, மறுபடி குனிந்தாள். ஏறியது.

குனிந்தபடியே தன் மார்பைப் பார்த்தாள். மிளகாய்ப்பழச் சிவப்பு. மெஷினுக்குள் எரிகிற விளக்கு வெளிச்சம் அதில் பட்டு, வெள்ளைத் தட்டின் வலது ஓரத்தில் போய் இளஞ்சிவப்பாக விழுந்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பூச்சு. அதைத்தான் ஆறாவது கேமரா பார்த்திருக்கிறது. இதுதான் வெள்ளை என்று அவள் சொன்னதை நம்பி, அத்தனை சிவப்பையும் கழித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கண்ணெதிரே சிவப்பு நார் போனபோதும் அதற்கு அது கருப்பாகத் தெரிந்திருக்கிறது. கேமரா கெடவில்லை. சொல்லிக்கொடுத்ததைத் துளி பிசகாமல் செய்திருக்கிறது.

இது புரிந்த அடுத்த மூச்சிலேயே வேறொன்றும் புரிந்தது. தான் இப்படியே குனிந்து நின்றால் போதும். எதையும் தொட வேண்டாம். ஒரு திருகைத் திருக வேண்டாம். ஜோவிதா பொத்தானை அமுக்கினால் அவளுடைய மெஷினும் நாளைக்கு இஞ்சினியர் முன்னால் நாரைத் துப்பும்.

ஜோவிதாவின் விரல் பொத்தானுக்குமேல் வந்து நின்றது. கோகிலவாணி மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

"அக்கா." ஜோவிதா திரும்பவில்லை. "பின்னால போங்க. ஸ்வெட்டர் அடிக்குது."

கோகிலவாணி சட்டென்று நிமிர்ந்தாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"மொதல் நாள் நீங்க பண்ணும்போதே பாத்தேன். கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னா நல்லாத் தெரியும்ங்க."

"தெரிஞ்சுட்டேவா சூப்பருன்னு சொன்ன?"

"ஸ்வெட்டர் சூப்பருதானுங்கக்கா."

"ஏன்டி, சொல்லியிருக்கலாமில்ல? எல்லாரும் என்னையப் பாத்து இளிச்சானுங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

ஜோவிதா இப்போது திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. "நீங்க சொல்லியிருப்பீங்களா? இப்பக் குனிஞ்சு நின்னீங்களே, அது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

கோகிலவாணி கோட்டை இழுத்து மார்பை மூடினாள்.

"எனக்கும் அசாம் போகணும்ங்கக்கா" என்றாள் ஜோவிதா. "வந்த நாள்ல இருந்து ஒரே பாட்டு. 'கோகிலா பண்ணுன மெஷின் ஒண்ணு திரும்பி வந்ததில்ல. கோகிலாவுக்கு இருக்கற கண்ணு உனக்கு வராதும்மா. கோகிலாவக் கேட்டுக்க.' சார் தெனமும் சொல்றாரு. காது புளிச்சுப் போச்சு. ஒருவாட்டியாவது உங்க மெஷின் கெட்டுப்போகட்டும்னு நான் கோயில்ல மெழுகுவத்தி ஏத்துனேன், தெரியுமா?"

"மெழுகுவத்தியா?"

"ரெண்டு."

கோகிலவாணி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. பிறந்ததிலிருந்து யாரையாவது பார்த்து வெந்துகொண்டே இருந்தவள். தன்னைப் பார்த்து ஒரு ஜீவன் வெந்திருக்கிறது, அதுவும் மெழுகுவத்தி ஏற்றுகிற அளவுக்கு வெந்திருக்கிறது என்று கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. உடம்பு முழுக்க வெதுவெதுவென்று என்னவோ பரவியது.

"சார் நெஜமா அப்படியா சொன்னாரு? கண்ணு வராதுன்னு?"

"ஆமாங்க."

"எத்தன வாட்டி?"

"போங்கக்கா!"

கோகிலவாணி வெளியே போய், ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, குளிரில் நடுங்கிக்கொண்டே தன் மெஷினை மறுபடி மேட்சிங் செய்தாள். ஆறு வரிசையும் ஒரே கோட்டில் வந்து நின்றது.

மறுநாள் அசாம் தோட்டத்து இஞ்சினியர் வந்தார். இரண்டு மெஷின்களிலும் ஒரே மூட்டைத் தூளைப் போட்டு ஓட்டினார். இறங்கியதைக் கையில் அள்ளி வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். எந்தத் தூள் எந்த மெஷினில் வந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. திருப்தியாக வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஜெகதீசன் இரண்டு பேரையும் கூப்பிட்டார். சில்வஸ்டரும் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்குது. சந்தோஷம். ஆனா கோகிலா, அந்த ஆறாவது கேமரா நடுவுல எதுக்கு அப்படிப் பண்ணுச்சு? கெட்ட கேமராவ நான் அசாமுக்கு அனுப்ப முடியாது. திருப்பி அனுப்பிரட்டுமா?"

'அனுப்பிருங்க சார்' என்றால் முடிந்தது. குற்றம் கேமராமேல் போய்விடும். பழைய ஆள் என்று தன்னையே அனுப்புவார், தடையில்லாமல் விமானம் ஏறலாம். கோகிலவாணியின் நாக்கில் அந்த வார்த்தை வந்தும்விட்டது. அப்போது பக்கத்தில் ஜோவிதா வாயைத் திறப்பது தெரிந்தது. அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியாது. ஒருவேளை வேறு எதையாவது சொல்லியிருப்பாள். ஆனால் கோகிலவாணியின் புத்தி ஒரே பக்கம்தான் ஓடியது. இதையும் இவளே எடுத்துச் சொல்லி, இதற்கும் ஒரு சபாஷ் வாங்குவதா?

"கேமரா நல்லாத்தான் இருக்குதுங்க சார்" என்றாள் அவசரமாக. "நான்தான் கோட்டத் தெறந்து போட்டுட்டு நின்னேன். செவப்பு ஸ்வெட்டர். அது தட்டுல அடிச்சுருக்குது. அதான்."

சில்வஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். ஜோவிதாவின் முகம் வெளுத்துவிட்டது. தனக்கும் முதல்நாளே தெரியும் என்பது அடுத்த வாக்கியமாக வரும் என்று எதிர்பார்த்து நின்றாள். கோகிலவாணி அதைச் சொல்லவில்லை. சொன்னால், முந்தின நாள் மதியம் தான் குனிந்து நின்ற கதையையும் ஜோவிதா சொல்லிவிடுவாள்.

ஜெகதீசன் தாடையைத் தடவினார்.

"ம்" என்றார். அப்புறம், "இங்கன்னா நான் இருக்கேன், இல்லைன்னா சில்வஸ்டர் இருக்காரு. அங்க தனியா நிக்கணுமேம்மா. ஸ்வெட்டருக்காகக் கோட்டத் தெறந்து போடற ஆள நான் எப்படி அனுப்பறது? ஜோவிதா போகட்டும்."

அன்றிலிருந்து பத்துப் பதினைந்து நாள் கோகிலவாணி வீட்டில் அடுப்பு தனியாக எரியவேண்டிய தேவை இருக்கவில்லை. அவளே எரிந்தாள். ஜோவிதா பெட்டி வாங்கினாள் என்று கேட்டு எரிந்தாள். அவளுக்குச் சன்னலோர இடம் கிடைத்திருக்கிறது என்று கேட்டு எரிந்தாள். "அங்கயும் தேயிலதான்னு நான் மொதல்லயே சொன்னேன்" என்று ரவிக்குமார் ஆறுதல் சொன்னபோது, அவனுக்கு மட்டும் எப்படி எரியாமல் இருக்கிறது என்று அதற்கும் எரிந்தாள்.

அசாமிலிருந்து ஜோவிதா வீடியோவில் கூப்பிட்டது ஒரு மத்தியான நேரம். மெஷின் ஓடுகிறது, ஆறு தடமும் சுத்தம் என்று சொல்லிவிட்டு, "அக்கா, இங்க ஒண்ணு காட்டணும், பாருங்க" என்று போனைத் திருப்பினாள்.

கோகிலவாணி முதலில் அதை நம்பவில்லை. தேயிலை. ஆனால் மலை இல்லை. மேடில்லை, சரிவில்லை, படி வெட்டின பாதையில்லை. பாய் விரித்ததுபோல, கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாக, தேயிலை. நடுநடுவே நிழல் மரங்கள். பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு ஏதோ கடைத்தெருவில் நடப்பதுபோல நடந்துகொண்டு கொழுந்து கிள்ளினார்கள். ஒருத்தியும் மூச்சு வாங்கவில்லை.

"என்னடி இது? இது முழுக்க இப்படியேவா?"

"முழுக்க இப்படித்தானுங்கக்கா. இங்க மலையே இல்ல."

தேவாலாவில் அம்மா மழையிலும் வழுக்கலிலும் முப்பது வருஷம் அந்தச் சரிவில் ஏறி இறங்கியவள். இன்றைக்கு ஒரு படி ஏற இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொள்கிறாள். இங்கே என்னடாவென்றால் தேயிலையைத் தரையில் பரப்பி வைத்திருக்கிறார்கள். கோகிலவாணிக்கு ஜோவிதா மறந்துபோனாள். விமானம் மறந்துபோனது. முன்பின் பார்த்திராத ஓர் ஊர் முழுக்கப் பெண்களைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஜோவி, அவங்க முட்டியெல்லாம் நல்லாருக்குதான்னு கேளு."

"எனக்கு இந்தியும் வராது, அவங்க பாஷையும் வராதுங்கக்கா."

"கேளுடி. கையக் காட்டிக் கேளு."

போன் ஆடியது. வயதான ஒருத்தியின் முகம் அருகே வந்தது. அதன் எதிரே ஜோவிதாவின் கை நீண்டு, தன் முட்டியைத் தட்டிக் காட்டியது; வலிக்கிறதா என்பதுபோல அவள் முனகுவதும் கேட்டது. அந்த அம்மாள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்து, முட்டியைத் தட்டி, இல்லை என்று கையை ஆட்டிச் சிரித்தாள். கோகிலவாணியின் வயிறு இன்னும் ஒரு சுற்று எரிந்தது. அதற்குள் அந்த அம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, பின்னால் வளைந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக் காட்டினாள். பக்கத்திலிருந்தவளும் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.

"இடுப்புங்கக்கா. எல்லாருக்கும் இடுப்பு வலியாம்."

"அப்படியா?"

"நிமுரவே முடியலையாம்."

கோகிலவாணி போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அந்த அம்மாளின் வளைந்த இடுப்பைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"செரி" என்றாள். "எங்கம்மா ஒரு தைலம் போடுவா. பேரு அனுப்பறேன், அங்க கெடைக்குதான்னு கேட்டு அவங்களுக்கு வாங்கிக் குடு."